ஆற்றைக் குறை சொன்ன பூட்டுக்காரர்

அந்த ஆற்றின் விலை, வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பூட்டு. இரும்பை நம்பிப் பிழைக்கிற மனிதன் தண்ணீரின் மடியில் போய்க் கடை போட்டால் வேறென்ன நடக்கும்? துரு வரும், கேட்காமலே தன் பங்கை எடுத்துக்கொண்டு போகும். பூட்டுக்காரர் முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்த கையோடு திட்டிக்கொண்டும் இருந்தார்.

"பாழாப்போன ஆறு" என்று சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சுவரெல்லாம் ஓதம், மெத்தையெல்லாம் பூசணம், படகுக்காரன் ஊதுகிற ஊதலில் காது போச்சு. இந்தப் பல்லவி இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு அந்த வீட்டில் முடிந்ததில்லை. கீழே கடை, மேலே வீடு, பின்கதவைத் திறந்தால் தண்ணீரில் இறங்கும் கல்படி. வெறுக்கிறவனுக்கு ஏன் இப்படி ஒரு வீடு என்று கேட்டவர்களுக்கு, "மலிவா வந்துது, மாட்டிக்கிட்டேன்" என்பார்.

அவர் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே பிள்ளை பால்குடி மறந்ததும் கற்றுக்கொள்கிற முதல் பாடம், பிடித்த சரக்கை முகத்தில் காட்டாதே என்பது. பிடித்திருந்தால் குறை சொல். ரொம்பப் பிடித்துவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலடி நடந்துவிடு, விற்கிறவன் பின்னாலேயே வருவான். பூட்டுக்காரர் இந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண். பெண் பார்க்கப் போன இடத்தில், கூடம் நிறைய ஆள் இருக்கும்போதே, "மூக்கு கொஞ்சம் நீளம்" என்றார். பெண் வீட்டார் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்த பெண் மட்டும் சிரித்துவிட்டாள். அவள் தராசு வியாபாரியின் மகள். வேண்டாத சரக்கை எவனும் அளந்து பார்க்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா?

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வழி. நேர்வழியில் போனால் மணி அடிக்குமுன் போய்விடலாம். இவர் வாய்க்கால் கரையோடு சுற்றிப்போய் தினமும் பெஞ்சு மேல் ஏறி நின்றார். வாலிபத்தில் வாடகைக்கு அறை தேடியபோது, எத்தனையோ நல்ல அறைகளை விட்டுவிட்டு ஒரு சலவைக்கடையின் மாடியைப் பிடித்தார். நாள் முழுக்கத் துணி அலசுகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருக்கும், அதற்காக. கேட்டவர்களிடம், "சட்டை வெளுக்க வசதி" என்றார். பிறகு இந்த ஆற்றங்கரை வீடு விலைக்கு வந்தது. "இங்க பூட்டுக்கடை வைக்கிறதும் உப்பு மூட்டையை மழையில வைக்கிறதும் ஒண்ணு" என்று நொட்டை சொல்லிச் சொல்லியே மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து வாங்கினார். வாங்கி முடித்த பிறகாவது வாயை மூடியிருக்கலாம். பழகிய வாய் மூடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தண்ணீர் பிடித்திருக்கிறது என்று சொல்லித்தான் கத்தியது.

விடிந்ததும் விடியாததுமாக அவர் பின்கதவைத் திறந்து கடைசிப் படிவரை இறங்குவார். "சுவத்துல கசிவு இருக்கான்னு பார்க்கப் போறேன்." முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்தும் தீராத கசிவு. மனைவி இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி, ஒன்றைப் படிக்கட்டில் வைத்துவிட்டு மேலே போவாள்.

அப்பாவின் புலம்பலை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே ஆள் மகள்தான். ஊரின் மேட்டுப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தாள், கெட்டிக்காரி. ஆனால் அப்பா கடையில்தான் பொய் சொல்வார், சாப்பாட்டு மேசையில் சொல்லமாட்டார் என்று நினைத்து வளர்ந்த பிள்ளை. இந்த வருஷம் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவில்லை. முழங்கால் வேறு படியில் தகராறு செய்தது. மகள் பார்த்தாள். தன் தெருவிலேயே காய்ந்த சுவரும் லிஃப்டும் உள்ள ஒரு ஃபிளாட்டைப் பேசிவைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடவே ஒரு விடுதிக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, இந்த ஈரத்துலேருந்து உங்களுக்கு விடுதலை!" என்றாள். முகம் விளக்குப்போல் இருந்தது. "சார் வீட்டை வாங்கி, ஆத்தைப் பார்த்த மாதிரி ரூம் கட்டப்போறாராம். இனிமே துருவும் இல்ல, பூசணமும் இல்ல. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

பூட்டுக்காரர் ஒருமுறை பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் எதிரே ஒரு வியாபாரி நிற்கிறான். வியாபாரி முன்னால் முகம் மாறக்கூடாது. "வாங்க, உட்காருங்க" என்றார்.

விடுதிக்காரரும் கடைத்தெரு ஆள்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டே, "ஜன்னல் சின்னது" என்று ஆரம்பித்தார்.

பூட்டுக்காரர் மனதுக்குள் ஒரு வழி திறந்தது. வாங்க வந்தவனை விரட்ட வேண்டும், அவ்வளவுதானே? அந்த வித்தை தெரியாதவரா அவர்? "சின்னதா? அது மூடவே மூடாது சார். மழை வந்தா கட்டில் நனையும். கொசு ஒவ்வொண்ணும் இந்தப் பெருசு. போன வருஷம் வெள்ளம் ரெண்டாவது படிவரை வந்துது. ரூம் எடுத்துத் தங்க வர்றவன் மறுநாளே காசைத் திருப்பிக் கேப்பான்."

விடுதிக்காரர் கண்ணைச் சுருக்கினார். "விக்கிறவரே இவ்வளவு குறை சொல்றாரு" என்று தாடையைத் தடவினார். "அப்போ விக்க மனசில்லை. மனசில்லாத சரக்குலதான்ணே மதிப்பு இருக்கும்." விலையை உயர்த்தினார்.

"வாசல்ல எலி ஓடும்."

இன்னொரு படி உயர்த்தினார்.

"சாக்கடை நாத்தம் அடிக்கும், சார்!"

"அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே" என்று விடுதிக்காரர் எழுந்தே விட்டார். "இப்படி விலை ஏத்துறவரை நான் பார்த்ததே இல்ல. சரி, கடைசி விலை. கை கொடுங்க." கை நீண்டது. கடைத்தெரு ஆட்களுக்குக் கை கொடுத்தால் கொடுத்ததுதான். பத்திரமெல்லாம் பிறகு வரும் சம்பிரதாயம்.

மகள் கண்ணில் பெருமை தாங்கவில்லை. பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். நீண்ட கை, நீண்டபடியே நின்றது.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி, வெற்றுத் தட்டை எடுத்துக்கொண்டே. "நீங்க சொல்றதுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. இந்த ஒரு தடவை உங்க வாயாலயே சொல்லிடுங்க."

"என்னத்தைம்மா சொல்லணும்?" என்றாள் மகள்.

பூட்டுக்காரர் இருமினார். பாதி நிஜ இருமல், பாதி அவகாசம். பிறகு, திருடன் ஒப்புக்கொள்வதைப் போன்ற குரலில், "எனக்குப் பிடிக்கும்" என்றார்.

"எது?"

"தண்ணி."

விடுதிக்காரர் கையை இழுக்காமல், "இது என்னண்ணே, புது உத்தியா?" என்றார்.

"உத்தி இல்லைய்யா!" பூட்டுக்காரர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "படகு போச்சுன்னா கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அலை வந்து படியைத் தட்டும், பார்த்திருக்கியா? ஆளு போயி ரொம்ப நேரம் ஆனப்புறம் ஞாபகமா வந்து தட்டிட்டுப் போற மாதிரி. மத்தியானம் வெயில் ஆத்துல பட்டு இந்த உத்தரத்துல ஆடும். அதைப் பார்க்கத்தான் படுப்பேன், தூங்க இல்ல. சரக்கு வாங்க வெளியூர் போனா ரூம்ல குழாயைச் சொட்ட விட்டுட்டுத்தான் எனக்குத் தூக்கம் வரும். எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கிறேன், எடுத்துக்க. இந்த ஆசையை எங்க கொண்டுபோய் வைப்பேன் நான்?"

விடுதிக்காரர் மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டார். வியாபாரத்தில் எல்லாம் பார்த்தவர். வாய்விட்டு ஆசை சொன்ன மனிதனிடம் பேரம் பேசுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "ஜன்னல் சின்னதில்லண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். "நான் சின்னப் பிள்ளையிலேருந்து கேட்டதெல்லாம் பொய்யாப்பா? வீட்டுக்குள்ளயுமா வியாபாரம்?"

"பொய் இல்லம்மா. பழக்கம்."

"நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன், எங்கப்பாவை எப்படி இங்கேருந்து காப்பாத்தறதுன்னு."

பூட்டுக்காரர் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். மனைவி வாசல் நிலையில் சாய்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் உடம்பிலும் ஓடுவது கடைத்தெரு ரத்தம்தானே? ஆசையைக் காட்டிவிட்டுப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"சரி. இங்கயே இருக்கணும்னா நான் சொல்றதைக் கேக்கணும்."

"கேக்கிறேன், சொல்லு" என்றார், தோற்பதற்கென்றே பேரத்தில் உட்கார்ந்த முகத்தோடு.

படிக்கட்டுக்குக் கைப்பிடி: அப்போதே சம்மதம். இருமலுக்கு நாளைக்கே டாக்டர்: முனகலோடு சம்மதம். வாரத்தில் இரண்டு நாள் மகள் வீட்டில் தங்குவது: ஒன்றாகக் குறைத்தார், குழாய் சொட்டினால் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான்காவது, கடைசிப் படியில் இனிமேல் தனியாக உட்காரக்கூடாது, அம்மாவும் கூட உட்கார வேண்டும்.

"அதுக்கு என்ன விலைன்னு நான்தானே சொல்லணும்?" என்றாள் மனைவி வாசலிலிருந்து.

மூன்று தீர்ந்தது. நான்காவதற்கு அவள் இன்னும் விலை சொல்லவில்லை. தினமும் விடிகாலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள்.