துரைசானி வீட்டுச் சேம்பு

ரோஜா செத்தது. ஜினியாவும் செத்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. அங்கே கொண்டுபோய் ரோஜாவை வைத்தால் அது என்ன செய்யும், பாவம்? ஆனால் மலாயா ரப்பர் தோட்டத்துப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானிக்கு இதை யார் சொல்வது? புல் பிடுங்க வந்த கூலிக்காரி பஞ்சாலைதான் கணக்கெழுதும் கிராணி ஆம்புரோஸ் மூலம் சொல்லி அனுப்பினாள்.

"நெழலுக்குன்னு சில செடி இருக்குங்கய்யா. நான் வச்சுத் தர்றேன். ஆனா தொரை எம் புருசனுக்காக ஒரு கடுதாசி எழுதணும்."

அவள் புருஷன் வீரமுத்து இரண்டு மாதமாகச் சிரம்பானில் காவலில் இருந்தான். கொள்ளையா, கொலையா? ஒரு மண்ணும் இல்லை. கூலிகளின் லயத்தைச் சுற்றிப் போட்ட கம்பி வேலிக்கு வெளியே, ஓடைக்கரை ரப்பர் மர நிழலில் சேம்பு போட்டிருந்தான். அரிசியை அளந்து கொடுக்கிற காலத்தில் வயிறு காய்ந்தவன் வேறென்ன செய்வான்? காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குத் தீனி போடுகிறான் என்று பட்டாளம் செடியை வெட்டிப்போட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு போனது. 'நல்ல வேலைக்காரன்' என்று துரை ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பஞ்சாலைக்கு அந்த ஒரு வரிதான் உயிர்.

துரைசானி சிரித்துத் தலையாட்டினாள்.

நிழலில் எது வரும் என்று பஞ்சாலை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓரத்துக்கு மஞ்சள். ஈரம் கசியும் கல்லிடுக்குக்குப் பெரணி. நடுவில் பெரிய இலையாக, பார்த்த கண் அங்கேயே நிற்கிற மாதிரி வேண்டும். அதற்குச் சேம்பை விட்டால் வேறென்ன இருக்கிறது? வேலிக்கு வெளியே போகத் துரை அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். ஒரு காவல்காரனோடு ஓடைக்கரைக்குப் போனாள். வெட்டிப்போட்ட இடத்திலேயே வீரமுத்துவின் சேம்பு மறுபடி முளைவிட்டிருந்தது. அதையே தோண்டிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று மாதத்தில் இலை ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு விரிந்தது. துரைசானி அங்கே நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தாள். வீரமுத்துவைப் பிடித்துக்கொண்டுபோன பட்டாளத்து ஆபீசரே வந்து இலையைத் தடவிப் பார்த்து மெச்சினான். பஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. காரியம் ஆகட்டும் என்று குனிந்து களை பிடுங்கினாள்.

சிரம்பானிலிருந்து கடிதம் வந்தது. ஆம்புரோஸ் அவளை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வீரமுத்துவ இந்தியாவுக்கே அனுப்புறாங்கம்மா. திங்கக்கெழம கப்பல்."

"அப்ப நானும் போறேங்கய்யா."

"பொஞ்சாதியையும் ஏத்தலாமான்னு சர்க்கார்ல மின்னாடியே கேட்டிருந்தாங்க. தொரை வேணாம்னு எழுதிட்டாரு. நீ தோட்டத்த நல்லா வச்சிருக்கியாம். தொரசானிதான் ஒனக்காகப் பேசியிருக்காங்க. ஒனக்கு நல்லது செஞ்சதா நெனச்சிக்கிட்டிருக்காங்க."

"அவருக்கு ஒரு வரி கேட்டேனேய்யா?"

"எழுதல."

பாழாய்ப்போன கைராசி. செடி பட்டுப்போயிருந்தால் இவளை யார் வேண்டுமென்று பிடித்து வைக்கப்போகிறார்கள்? இன்னும் நாலு ரோஜாவை வைத்துக் கொன்றிருக்கலாம். பஞ்சாலைக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் தன் கையின் மேலேயே.

மறுநாள் காலை துரைசானி எழுந்து வருவதற்குள் சேம்பு முழுவதையும் தோண்டி எடுத்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. கிழங்கைச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு நேரே வேலி வாசலுக்கு நடந்தாள். வாசலைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் ஜெயில் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வாசலில் நின்ற மலாய்க் காவல்காரன் அன்றைக்கு ஓடைக்கரைக்குத் துணை வந்தவன்தான். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் திரும்பிப் போ என்று கைகாட்டினான்.

"கெழங்கு. காட்டுல இருக்கிறவங்களுக்குக் கொண்டுபோறேன்" என்றாள் பஞ்சாலை. அவனுக்கு விளங்க வேண்டுமே என்று மலாயிலும் சொன்னாள். சாக்கை அவன் காலடியில் தள்ளிவிட்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"எம் புருசனப் புடிச்சதும் இந்தச் சேம்புக்குத்தான். திங்கக்கெழமைக்குள்ள என்னையும் புடிச்சு அனுப்பச் சொல்லு."