கேபினில் இன்னொரு பிளக் பாயின்ட்

திருச்செங்கோட்டில் போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்லும் தங்கமுத்துவும் அவர் மனைவி பாவாயியும் முதன்முதலாகக் கப்பலில் சுற்றுலா வந்திருந்தார்கள். கேபினில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் தங்கமுத்துவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாவாயியின் போனில் இரண்டு சதவீதம்தான் மிச்சம். அரை மணி நேரத்தில் சூரியன் கடலில் இறங்கிவிடும். அதைப் படம்பிடித்துத் தங்கச்சியை வயிறெரிய வைக்காவிட்டால் பாவாயிக்கு இந்தப் பயணமே வீண்.

“உங்க போனைக் கழட்டுங்க.”

“பார்ட்டி கூப்புடுவாங்க, பாவாயி.”

“சிக்னலே இல்லீங்க. நடுக்கடல்ல மீனுங்களா போர் போடக் கூப்புடுது?”

“இரு, இன்னொரு பாயின்ட் எங்கியாச்சும் இருக்கும்.”

பிள்ளையாருக்கு உடைக்கக் கொண்டுவந்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு, வயலில் நீரோட்டம் பார்ப்பதுபோல் சுவரோரமாக நடந்தார். கட்டிலருகே தேங்காய் விறுக்கென்று எழுந்து நின்றது. மெத்தையைப் புரட்டினார்; ஒன்றுமில்லை. அலமாரி அருகிலும் நின்றது. கழிவறையிலும் நின்றது.

“ஏனுங்க, அடியில பூராவும் தண்ணிதானுங்க. அது வேறென்ன பண்ணும்?”

தங்கமுத்து தேங்காயைப் பார்த்தார். தன் கணிப்பு கடலிலும் பிசகவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. அவர் நிமிர்ந்து நின்ற நேரத்தில் பாவாயி அவர் போனைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகினாள்.