ஜெயமணியின் ஹிந்தித் தவக்காலம்

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டேன். ஜங்லிகாட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே பலகைதான் சுவர். காதைப் பொத்திக்கொண்டால் கேட்காது. நான் பொத்தவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாசகரே. இந்தத் தவக்காலம் முழுக்கப் பொய் சொல்வதில்லை என்று நேர்ந்திருக்கிறேன். கதை எழுதுகிறவளுக்கு இது கறியை விடுவதைவிடக் கொடுமை.

2

அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஜெயமணியின் மனமும் [இல்லை. பிப்ரவரிக் கடல் குளத்துத் தண்ணீராகக் கிடந்தது. வேறு தொடக்கம்.]

ஜெயமணி தையல்காரி. அம்மா இறந்த பிறகு தம்பி சந்திரமோகனை வளர்த்து ஆளாக்கியவர். தம்பியும் அவன் மனைவி ரூபாவும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் பொத்தான் தைக்க வந்த தம்பியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கில் ஒரு ஓட்டலில் இருவருக்கும் வேலை, வீடும் உண்டு, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு மறுநாள் கப்பல். அவரிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

ஜெயமணி கத்திய கத்தலில் தெருவில் ஆட்டோ நின்றது. ரூபா பாவம், தலை குனிந்து நின்றாள். பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை [இந்த வாக்கியம் பிறகு.]

3

மறுநாள் பூசையில் ராஞ்சியிலிருந்து வந்த சாமி ஹிந்தியில் பிரசங்கம் வைத்தார். கறியை விட்டுவிட்டு சுரமீன் குழம்பை வளைத்துக்கட்டுவது என்ன தவம், நாக்குக்கு ஒருசந்தி விரதம் வையுங்கள் என்றார். ஜெயமணிக்கு அது நேராகத் தைத்தது. அன்று சாயங்காலம் ரவிக்கை வாங்க வந்த புஷ்பாவிடம் அவர் சொன்னதைத்தான் சுவர் வழியாகக் கேட்டேன்.

“அவகிட்ட வாயத் தொறந்தா தமிழ்ல ஏச்சுத்தான் வருது. ஹிந்தில எனக்கு ஏசத் தெரியாதுல்லா. அதான் ஈஸ்டர் வரைக்கும் அவகிட்ட ஹிந்திதான்.”

சிரிக்காதீர்கள், வாசகரே. முப்பது வருடமாக அவர் ஹிந்தியில் பேசியதெல்லாம் வாடிக்கையாளர்களிடம்தான். அந்த ஹிந்தியில் அளவு உண்டு, நூல் உண்டு, நாளை வாருங்கள் உண்டு. கோபத்துக்கு அதில் இடமே கிடையாது.

4

அன்றிலிருந்து தம்பி மனைவிக்கு ‘ஆப்’ மரியாதை, அதாவது ‘நீங்கள்’. கொடியில் துணி காய்ந்தால், “ஆப் கா கப்டா சூக் கயா.” பால் பொங்கினால், “கேஸ் பந்த் கீஜியே,” அடுப்பை அணையுங்கள் என்று. முன்பெல்லாம் பால் பொங்கினால் அரைமணி நேரம் தமிழ் பொங்கும்.

[பூனையிடம் மட்டும் தமிழ். “போறவங்க போகட்டும், நீ தின்னு” என்று அதனிடம் சொன்னது விரதத்தை முறித்ததாகுமா? சாமியைத்தான் கேட்க வேண்டும்.]

இருபதாம் நாள் ரூபா படியில் வழுக்கி விழுந்தாள். ஜெயமணி ஓடிவந்தார். “அடிப்...” என்று தொடங்கி, விழுங்கிவிட்டார். உட்கார்ந்து, கணுக்காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்தார். அப்புறம் மெதுவாக, யாரோ ஊருக்குப் புதிதாக வந்தவளிடம் கேட்பதுபோல, “தர்த் ஹை?” என்றார். வலிக்கிறதா என்று.

ரூபா அழுதாள். கால்வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

கப்பல் கிளம்பும் நேரம் ஜெயமணி ஜெட்டிக்கு ஓடிவந்து தமிழில் ஒரு பாட்டம் திட்டித் தீர்க்கிறார். [சினிமா. அவருக்கு முழங்கால் வேறு சரியில்லை.]

ஈஸ்டரன்று போன் செய்கிறார். [ஒரு வாரம் ரூபா அங்கே எப்படித் தூங்குவாள்?]

ரூபா மன்னிப்புக் கேட்கிறாள். [இதில்தான் இடிக்கிறது. சுவர் வழியாக எல்லாம் தெரிந்தும் அவள் முப்பத்தைந்து நாளுக்கு மேல் வாய் திறக்கவில்லை. பாவம்போல இருப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது.]

6

பிறகு என்று ஒதுக்கிய வாக்கியம், அன்று ரூபா ஜெயமணியிடம் சொன்னது, இதுதான்.

“மைனி, ஒங்க நாக்குக்குப் பயந்துதான் நாங்க போறோம்.”

அது பொய். கூடுதல் சம்பளத்துக்கும் ஒழுகாத கூரைக்கும்தான் போகிறோம். அவர் நாக்குக்கு நான் என்றைக்குப் பயந்தேன்? பொய்யை விடுகிறேன் என்று நான் நேர்ந்துகொண்டதே அந்த ஒரு வாக்கியத்தால்தான். ஆமாம், ரூபா நான்தான். ‘ரூபா பாவம்’ என்று எழுதியவளும் நான்தான். அதை அடிக்க மனசு வரவில்லை, வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்த்தான் அவர் தன் நாக்கைக் கட்டிப்போட்டார். நான் இங்கே உட்கார்ந்து அதைக் கேலியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

இன்று குருத்து ஞாயிறு. நாளைக் காலையில் கப்பல். இந்தத் தாள்களை உங்கள் தையல் மிஷின்மேல், குருத்தோலைச் சிலுவைக்கு அடியில் வைத்துவிட்டு வரப்போகிறேன். வாசகரே, வாசகரே என்று இவ்வளவு நேரம் கூப்பிட்டது உங்களைத்தான், மைனி.

விரதத்தை முறிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்பது நாளில் சேராது என்று சாமியே சொல்லியிருக்கிறார். இப்போது மணி நாலுதான் ஆகிறது, தமிழில் ஏச இன்னும் நேரமிருக்கிறது.

நான் முதலில் தொடங்கிவிடுகிறேன். நான் சொன்னது பொய், மைனி. மன்னிச்சிருங்க.

மீதிக் கதையை நான் எழுதப்போவதில்லை. பாலை அடுப்பில் வைத்திருக்கிறேன். அது பொங்கப்போகிறது, நான் அணைக்கப்போவதில்லை.