மேடையில் கொடுத்த நாய்

காலை ஒன்பதரை மணிக்கு மெஷின்காரம்மா ஒரு பழைய தையல் மெஷினைக் கவிழ்த்துப்போட்டு, அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் பிசிறும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே ஒரு கறுப்புக் களியே கிண்டி வைத்திருந்தன. மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், அந்த வாடகை வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. மேசைக்கு அடியில் ஆபீசர் படுத்திருந்தான்.

ஆபீசர் என்பது நாய். அடுத்தவர் வேலை செய்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து மேற்பார்வை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வான். அதைப் பார்த்து அவள் கணவர் வைத்த பெயர் அது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் மேலே அதிகாரிகள் உண்டு.

வாச்மேன் ஒரு காகிதத்தோடு வந்து வாசலில் நின்றான். "அக்கா, குடியிருப்போர் சங்கத்துல இருந்து நோட்டீஸ். கையில கொடுத்து, படிச்சும் காட்டச் சொன்னாங்க."

"படி."

வாச்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "தங்கள் இல்லத்தில் வளர்க்கப்படும், தோற்றப் பொலிவற்ற, தெருவைச் சார்ந்த விலங்கானது, வருகிற சனிக்கிழமைக்குள் அப்புறப்படுத்தப்பட வேண்டும். தவறினால், வீட்டைக் காலி செய்விக்குமாறு உரிமையாளருக்கு எழுதப்படும்." கொஞ்சம் நிறுத்தினான். "தோற்றப் பொலிவற்றன்னா என்னக்கா?"

"அசிங்கமா இருக்குன்னு அர்த்தம். படிச்சவங்க அப்படித்தான் திட்டுவாங்க."

சனிக்கிழமைக்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு 'முன்மாதிரிக் குடியிருப்பு'ப் போட்டியின் நடுவர்கள் வருகிறார்கள். மதிப்பெண் தாளில் 'உயிர்நேயம்' என்ற தலைப்புக்குப் பத்து மதிப்பெண் உண்டாம். அந்தப் பத்தையும் அள்ளிவிட, சங்கத் தலைவர் அதே நாளில், அதே முற்றத்தில், மீட்கப்பட்ட நாய்களைத் தத்துக் கொடுக்கும் விழாவுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அந்த நாய்களை மீட்டுக் காப்பகத்தில் வைக்கும் உயிர்நேய மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். எந்த அறையில் ஒரு நாற்காலி மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருக்கிறதோ, அந்த அறைக்கு அவர் தலைவர். ஆக, நாய்களுக்கு வீடு தேடித்தரும் விழாவுக்கு இடைஞ்சலாக இருந்தது, வீட்டில் இருந்த ஒரு நாய்.

அந்த நாயை அவளுக்குக் கொடுத்ததும் அதே தலைவர்தான். அது அவருக்கு நினைவில்லை.

போன வருஷம் ஒரு மண்டபத்தில் நடந்த மன்றத்து விழா அது. அங்கே திரை தைத்துக்கொண்டிருந்தவரின் மெஷின் மக்கர் செய்ததால் மெஷின்காரம்மா போயிருந்தாள். புசுபுசுவென்று இருந்த குட்டிகள் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. மிஞ்சியது ஒன்று. எவரோ புண்ணியவான் கொதிநீர் ஊற்றியதில், முதுகில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் இல்லாமல், தோல் சுருங்கிக் கிடந்தது. மேடையை விட்டு இறங்கத் தெரியாமல் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. அவள் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு மேடை ஏறினாள். தலைவர் கையுறை மாட்டி, கேமராவைப் பார்த்துக்கொண்டே நாயை நீட்டினார். "இந்த உயிரை எந்நாளும் கைவிடேன்" என்று அவர் மைக்கில் வாசிக்க, அவள் திருப்பிச் சொன்னாள். கைதட்டல். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிஷம்.

அதன் பிறகுதான் நாய் வளர்ப்பது ஆரம்பித்தது.

முதல் பத்தொன்பது நாள் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. யாராவது பார்த்தால் சாப்பிட மாட்டான். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் தட்டை வைத்துவிட்டு, சொந்த வீட்டிலேயே திருடர்களைப் போலச் சுவருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பாத்திரத்தைச் சாய்த்து யாராவது தண்ணீர் ஊற்றினால் நின்ற இடத்திலேயே நனைத்துவிடுவான். வேன்காரரின் செருப்பைத் தின்றான். அதற்குப் பதில் வாங்கிய செருப்பையும் தின்றான். அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பாதியைத் தின்றான்.

"என் மூஞ்சி இருக்கிற பாதியைப் பார்த்துத் தின்னிருக்கான் பாரு!" என்று அவர் குதித்தார்.

"அவனுக்குப் பிடிச்ச மூஞ்சி போலிருக்குங்க" என்றாள் அவள்.

இருபதாவது நாள், பழுது பார்த்த ஒரு மெஷினை அவள் ஓட்டிப் பார்த்தாள். அந்தக் கடகட சத்தத்துக்குக் கட்டிலுக்கடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு இரண்டு காது. பிறகு முழு நாயும் தவழ்ந்து வந்து, அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனது. சத்தம் நின்றால் விழித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் பழுதே இல்லாத மெஷினை ஒன்றரை மணி நேரம் ஓட்டினாள். கால் மரத்துப்போயிற்று. நகர்த்தவில்லை.

இப்போது அவள் வாச்மேன் கொடுத்த நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

சங்க அறையில் தலைவர் புது பேனரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனர் முழுக்க அவர்தான். மீதி இடத்தில் ஒரு பெண்ணும் ஒரு நாயும். போன வருஷப் படம்தான். ஆனால் படத்தில் இருந்த நாயின் முதுகில் ஒரு குறையும் இல்லை. கழுத்திலிருந்து வால்வரை பளபளவென்று ரோமம்.

"ஐயா, இந்தப் படத்துல இருக்கிறது நான். அந்த நாய்தான் ஆபீசர்."

தலைவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான்னு வச்சுக்குவோம். ஆனா நாய் அது இல்லையே. இது எவ்வளவு லட்சணமா இருக்கு."

"அதுக்கு முடியை வளர்த்தது உங்க போட்டோக்காரர். கம்ப்யூட்டர்ல."

தலைவர் பேனரைச் சுருட்டினார். "இங்க பாருங்கம்மா. உயிர்நேயம் வேற, விதிமுறை வேற. எனக்கு நாய்னா உயிர். ஆனா வர்றவங்க கண்ணுக்கு முன்னாடி அந்த முதுகு... முகம் சுளிப்பாங்க. சத்தமில்லாம எங்க காப்பகத்துப் பின்கேட் வழியா கொண்டுபோய் விட்டுருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கொடுக்கிறப்போ பின்கேட் வழியா கொடுக்கலையே."

"என்னது?"

"மேடை போட்டு, மைக் வச்சு, போட்டோ எடுத்துக் கொடுத்தீங்க. வேணும்னா அதே மாதிரி வாங்கிக்குங்க. 'கைவிடேன்'னு மைக்ல வாசிச்சீங்கல்ல? 'கைவிடு'ன்னும் மைக்லயே வாசிங்க. சனிக்கிழமை வரேன்."

"வம்பு பண்ணாதீங்க. வீடு போயிடும்."

"நோட்டீஸ்ல போட்டிருக்கு. படிச்சுட்டேன்."

தலைவர் தன் வழக்கப்படி, மனைவியிடம் நடக்காததைக் கணவனிடம் நடத்திப் பார்த்தார். அன்று சாயங்காலம் வேன்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தலைவர் என்னைத் தனியா கூப்பிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேன்ல கொண்டுபோய் விட்டுரலாம்கிறார். ஒரு நாய்க்காக வீடு மாறுறதா? நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க வாய், அவங்க பல்லு."

"பத்து வருஷமா இருக்கிற வீடு."

"அப்ப விட்டுட்டு வாங்க. நான் தடுக்கலை."

வேன்காரர் அவித்த முட்டையை உடைத்தார். மஞ்சள் கருவில் பாதியை, மனைவிக்குத் தெரியாது என்ற தினசரி நம்பிக்கையோடு, மேசைக்கடியில் நீட்டினார். கீழே நாக்குச் சத்தம் கேட்டது.

"இறக்கி விட்டா, வேன் பின்னாடியே ஓடி வருவான்" என்றார். "கண்ணாடியில தெரிவான்."

அதற்கு மேல் அந்த வீட்டில் பாலத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை. ஆனால் அவர் சனிக்கிழமை விழாவுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முற்றத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். செடிகளின் இலைகளை எண்ணெயால் துடைத்து மினுக்கு ஏற்றியிருந்தார்கள். வாச்மேனுக்குப் புதுத் தொப்பி. அதை விழா முடிந்ததும் திருப்பித் தர வேண்டுமாம். மூன்று நடுவர்கள் தாளும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டில் பதினோரு நாய்கள். எதிரே தத்தெடுக்கப் பெயர் கொடுத்த பதினோரு பேர், தலை சீவி, படத்துக்குத் தயாராக. தலைவர் நாற்பது நிமிஷம் கருணையைப் பற்றிப் பேசினார். கூண்டு வெயிலில் இருப்பதை வாச்மேன் இரண்டு முறை வந்து காதில் சொன்னான். தலைவர் இரண்டு முறையும் அவனைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கருணையைத் தொடர்ந்தார்.

அவர் முடித்த கையோடு, மெஷின்காரம்மா ஆபீசரைக் கயிற்றில் பிடித்தபடி மேடையில் ஏறினாள்.

சங்கச் செயலாளருக்கு விஷயம் தெரியாது. இதுவும் நிகழ்ச்சிநிரலில் ஒன்று என்று நினைத்து, உற்சாகமாக மைக்கைப் பிடித்தார். "இதோ, சென்ற ஆண்டு நம் தலைவரின் பொற்கரங்களால் நாயைப் பெற்ற சகோதரி, தன் இனிய அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறார்!"

கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அனுபவம் சொல்ல வரலைங்க. நாயைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். இவனை இன்னிக்குள்ள அப்புறப்படுத்தணும்னு தலைவர் நோட்டீஸ் கொடுத்திருக்கார். அவர் கையாலதான் வாங்கினேன். அவர் கையிலயே கொடுத்துடறேன்." கயிற்றை நீட்டினாள். "வாங்கிக்குங்க ஐயா. எல்லாரும் பார்க்கிறாங்க."

நடுவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட பெண்மணி, மேடையிலிருந்த நாயைப் பார்த்தார். பின்னால் தொங்கிய பேனரைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே நாயா?" என்று கேட்டார். கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் முற்றத்தில் முதல் சிரிப்பு அங்கேதான் கிளம்பியது.

தலைவருக்கு நா வறண்டது. கூஜாவை எடுத்துத் தம்ளரில் தண்ணீர் சாய்த்தார். அவ்வளவுதான். ஆபீசர் வெடவெடவென்று நடுங்கி, சிவப்புக் கம்பளத்தின் நடுவில் நனைத்துவிட்டான்.

"ஐயையோ, கம்பளம்! பிடிச்சு வெளியே போடுங்க அதை!" கருணையைப் பேசிய அதே மைக், இதையும் ஒரு எழுத்து விடாமல் முற்றம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செயலாளர் கயிற்றை எட்டிப் பிடிக்க வந்தார். அவருக்கும் நாய்க்கும் நடுவில், எங்கிருந்தோ வந்த வேன்காரர் நின்றார். மேலதிகாரி யார் இருமினாலும் எழுந்து நிற்கிற மனுஷர் அவர். இன்றைக்கு இடத்தை விட்டு நகரவில்லை.

"அவன் மேல கை வைக்காதீங்க சார். தண்ணி ஊத்தினா பயப்படுவான். யாரோ சுடுதண்ணி ஊத்தின முதுகு அது. உங்களுக்கு அசிங்கம். அவனுக்கு இன்னும் எரியுது."

மெஷின்காரம்மா மண்டியிட்டு, இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியால் கம்பளத்தைத் துடைத்தாள். ஆபீசர் அவள் முழங்காலில் சாய்ந்து நின்றான். துடைத்து முடித்து எழுந்து, மறுபடியும் கயிற்றை நீட்டினாள்.

"இதைத்தான் ஒரு வருஷமா தினம் செய்யறோம். வாங்குறீங்களா, விடுறீங்களா?"

தலைவர் கயிற்றைப் பார்த்தார். அதன் ஒரு முனையில் நாய் இருந்தது. மறுமுனையைப் பிடித்தால் அது தன் வீட்டுக்கு வரும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் காதுக்கருகே குனிந்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நோட்டீஸைக் கிழிச்சுப் போடுங்க."

"மைக்ல சொல்லுங்க."

"அம்மா..."

"மைக்ல, ஐயா."

தலைவர் மைக்கில் சொன்னார். அவருடைய ஆயுளிலேயே மிகச் சுருக்கமான உரை அது. கைதட்டல் மட்டும் நாற்பது நிமிஷப் பேச்சுக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

பரிசு இந்தக் குடியிருப்புக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். மூன்று தெரு தள்ளியுள்ள ஒரு கட்டடம் தட்டிக்கொண்டு போயிற்று. அங்கே நாய், பூனை எதுவும் கிடையாது. பாதி வீடுகளில் ஆளும் கிடையாதாம்.

விழா தொடர்ந்தபோது, பெயர் கொடுத்த பதினோரு பேரில் ஏழு பேரைக் காணவில்லை. கம்பளத்தைப் பார்த்தவுடன் ஒவ்வொருவருக்கும் ஒரு அவசர வேலை வந்துவிட்டது. நான்கு பேர் மட்டும், படமெடுக்க ஆளில்லாமலே, வெயிலில் கிடந்த கூண்டை வாச்மேனோடு சேர்ந்து நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சலூன்காரர். அவர் மெஷின்காரம்மாவிடம் வந்து, "ஏன்மா, கட்டிலுக்கடியில எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல பத்தொன்பது நாள்."

"முப்பது ஆயிட்டா?"

"முப்பத்தோராவது நாளும் தட்டை வைங்க."

தலைவரால் பொறுக்க முடியவில்லை. "நல்ல விழாவைக் கெடுத்துட்டீங்களேம்மா. ஏழு பேர் ஓடிட்டாங்க. உங்களால ஏழு நாய்க்கு வீடு போச்சு!"

மெஷின்காரம்மா திரும்பி நின்றாள். இந்த முறை அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"வீடு போகலைங்க. ஏழு நாய் ரெண்டாவது தடவை தெருவுக்குப் போறது தப்பிச்சுது. இரக்கப்பட ஒன்றரை நிமிஷம் போதும், அதுக்கு மேடையும் போதும். ஆனா ஒரு உயிரைக் காப்பாத்துறேன்னு கையை நீட்டினா, அது பயந்து, நாறி, பார்க்க நல்லா இல்லாம நிக்கிற நாள்லயும் பக்கத்துல நிக்கணும். முடியாதவங்க கைதட்டிட்டு வீட்டுக்குப் போகட்டும் ஐயா, அது தப்பே இல்ல. கையை நீட்டிட்டு அப்புறம் உதறுறான் பாருங்க, சுடுதண்ணி ஊத்தினவனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் நாய்க்குத் தெரியாது."