எட்டு மணிக்கு முன் சத்தம்

...இரண்டு சவுண்ட் ட்ரைவரில் ஒன்று பிடிக்கும் என்றுதானே கடைக்கார ஸெய்னுதீன் சொன்னான், அப்படியென்றால் பிடிக்காத அந்த ஒன்றைத்தான் தன் கை முதலில் எடுத்திருக்கிறது, எப்போதும் இதே கதைதான், வரிசை இரண்டு இருந்தால் நகராத வரிசையில்தான் சோமசேகரம் போய் நிற்பார், துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தெட்டு வருசம் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான், இப்போது பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிற காலத்திலும் அப்படித்தான். மணி ஏழு பத்து. எட்டு மணிக்குக் கனகம்மா வந்துவிடுவாள். வருவாள் என்றால் கேற்றைத் திறந்துகொண்டு அல்ல, இந்த லப்டொப்புக்குள், ரொறன்ரோவில் மகள் யோகமலரின் வீட்டுக் கதிரையில் குளிர்ச்சட்டையோடு உட்கார்ந்தபடி, அங்கே சனி இரவு, இங்கே ஞாயிறு காலை. அதற்குள் இந்தப் பெட்டிக்குச் சத்தம் வரவேண்டும். நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த பெட்டி. "பழைய சிஸ்டம் அப்பா, வைரஸ் வந்திடும், புதுசு போடுவியுங்கோ" என்று மகள் சொல்ல, இவரும் ஓமென்று தலையாட்டி, மத்திய வீதியில் ஸெய்னுதீனின் கடையில் கொடுத்துப் புதுசு போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் படம் பளிச்சென்று இருக்கிறது, எழுத்து பளிச்சென்று இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை... யார் கேட்டது பளிச்சை, கண்ணுக்கு இங்கே என்ன குறை, கோணேசர் மலையும் கடலும் கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன, காதுக்கல்லவா இந்த வீட்டில் ஒன்றுமில்லை.

நேற்றுக் கடையில் ஸெய்னுதீன் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதித் தந்திருந்தான். சத்தத்தை ஓட்டுகிற பழைய ட்ரைவரைப் புது சிஸ்டத்துக்குத் தெரியாதாம், "பழைய மாப்பிள்ளையப் புது மாமியாருக்குப் பிடிக்கேல்ல சேர், வேற மாப்பிள்ளை பாக்கவேணும்" என்று சிரித்தான், நல்ல மனிசன், ஆனால் அவனுக்குச் சிரிப்பு. கடைசியாக டிவைஸ் மனேஜர் என்ற இடத்துக்குப் போனால் சவுண்ட் என்பதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் அடையாளம் நிற்கும், அது போனால் சரி. அது போகவில்லை, முதலாவதைப் போட்டு, அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று, அது அசையாமல் நிற்கிறது. இனி இரண்டாவது. இரண்டாவதும் பிடிக்காவிட்டால்? பிடிக்காவிட்டால் போன ஞாயிறு மாதிரி இன்றைக்கும் பேப்பரில்தான் கதை. இவர் சத்தம் அங்கே போகாது, அங்கத்தைய சத்தம் இங்கே வராது, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி எழுதிக் காட்டினார்கள், பேர்த்தி அதைப் பார்த்துக் கைதட்டினது, அதற்கு அது விளையாட்டு. பிறகு யோகமலர்தான் இதை எழுதிக் காட்டினாள். அம்மா இங்கேயே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் போடலாம் அப்பா, திங்கட்கிழமை லோயரிடம் போகவேணும், வாற ஞாயிறு முடிவு சொல்லுங்கோ. அதற்குப் பிறகு கனகம்மா ஒரு தாளைப் பிடித்தாள், இரண்டே சொல், உங்கட விருப்பம்.

உங்கட விருப்பம்... முப்பத்தொரு வருசத்தில் இந்த இரண்டு சொல்லையும் அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள், எல்லாம் ஒன்றா? குசினிச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டபோது சொன்னது வேறு, அது உண்மையிலேயே அவர் விருப்பம். யோகமலரின் சம்பந்தத்துக்குச் சொன்னது வேறு, அவள் எப்போதோ முடிவெடுத்துவிட்டாள், இவர் தலையாட்டவேண்டும், அவ்வளவுதான். இவருடைய தம்பிக்குக் காணியை எழுதிக் கொடுத்த அன்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னது வேறு, அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டில் கதையே இல்லை. சத்தத்தைக் கேட்டால் எந்த விருப்பம் என்று அரை நொடியில் சொல்லிவிடுவார். தாளில் எழுதினால் எப்படித் தெரியும்? கையெழுத்து எப்போதும் போல உருண்டையாக, பிழையில்லாமல் இருந்தது. எழுதினபோது முகத்தையும் தாள் மறைத்துவிட்டது. போன் எடுக்கலாமே என்றால் போனில் அவள் கனகம்மாவே இல்லை, யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் பயம், "அங்கை மழையே?" என்பாள், மழை என்றால் ஷெல்லடி, "இல்லை, நல்ல வெயில்" என்று இவர் சொல்லுவார், இரண்டு பேரும் வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். கொம்பியூட்டர் கதையை ஒருத்தரும் ஒட்டுக்கேட்க ஏலாது என்று மருமகன் சொன்ன பிறகுதான் அவள் வாயில் பழைய ஏற்ற இறக்கம் வந்தது, அதுவும் இந்தப் பெட்டியால் போயிற்று.

இரண்டாவதை அமத்தினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவள், ஒன்றரை வருசமாகிறது, பிள்ளை நடக்கிறது. அவள் போன பிறகு இங்கே நடந்ததையெல்லாம் பார்த்தால் வராமலிருந்ததுதான் நல்லது, சீனன்குடாப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்ட இரவு கட்டிலுக்குக் கீழே தனியே கிடந்தபோது, நல்லகாலம் அவள் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார், இரண்டாவதாக நினைத்ததை யாருக்கும் சொல்லவில்லை. நீங்களும் வாங்கோவன் அப்பா என்பாள் யோகமலர். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் வீடு இருக்குமா, இந்த வீதியில் பூட்டின வீடு மூன்று, மூன்றிலும் இப்போது வேறு ஆட்கள். சரி, அப்போ ஓமென்று சொல்லிவிடு, பேப்பரைப் போடு பிள்ளை, அம்மா அங்கேயே இருக்கட்டும், பாதுகாப்பு, ஆஸ்பத்திரி, பேர்த்தி... ஒரு நல்ல மனிசன் அப்படித்தானே சொல்லவேண்டும், இராத்திரி முழுக்க அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தாயிற்று, தடக்காமல் வருகிறது, ஆனால் அவள் எந்த விருப்பத்தைச் சொன்னாள் என்று தெரியாமல் அதைச் சொன்னால்? அவள் வரத்தான் காத்திருக்கிறாள் என்றால்? இல்லை, வர விருப்பமில்லாமல் இவர் வாயால் அது வரட்டும் என்று காத்திருக்கிறாளா? அதுவும் இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது, சுடுதண்ணி குழாயில் வருகிற வீடு.

பெட்டி அணைந்து திரும்ப உயிர்த்தது. அந்த நேரம் பார்த்து நேவி ட்ரக் ஒன்று வீதியால் வந்து, கேற்றடியில் வேகம் குறைந்து, உறுமிக்கொண்டு நின்றது. அவருடைய விரல் தன்பாட்டில் போய் லப்டொப்பின் மேல்வரிசையில் சத்தத்தை அடைக்கிற பொத்தானை அமத்தியது. அது ரேடியோக் காலத்தில் பழகின விரல், சப்பாத்துச் சத்தமோ வாகனச் சத்தமோ கேட்டால் வெளிநாட்டுச் செய்தியின் குரல்வளையைப் பிடிக்கிற விரல், அவரைக் கேட்டுக்கொண்டு அது எதையும் செய்வதில்லை, அவருக்குத் தெரியவும் வராது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். கொடியில் கனகம்மாவின் நீலச் சீலை காற்றில் ஆடியது. ட்ரக் போயிற்று. மஞ்சள் அடையாளம் இருந்த இடத்தைப் பார்த்தார், காணோம்! பிடித்துவிட்டது, ஸெய்னுதீனே, நீ வாழ்க, புது மாப்பிள்ளை பொருந்திவிட்டான்... ஒரு பாட்டை எடுத்துப் போட்டார். பாட்டு ஓடுகிறதென்று கோடு நகர்ந்தது, சத்தம் இல்லை. திரும்பப் போட்டார். இல்லை. அடையாளம் போன பிறகும் சத்தம் வராவிட்டால் என்ன செய்வதென்று ஸெய்னுதீனின் தாளில் நாலாவது இல்லை. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது, அழைப்பு வந்துவிட்டது, கனகம்மாவுக்கு மணிக்கூடு எப்போதும் முந்தித்தான் ஓடும்.

படம் வந்தது. தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். இவர் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார், இல்லை, இன்றைக்கும் இல்லை. அவள் வாய் அசைந்தது, ஏதோ சொல்லத் தொடங்கினாள், அதோடு படம் இறுகிப்போயிற்று, லைன் மெதுவானால் அப்படி நிற்கும், பாதித் திறந்த வாயோடு அவள் அப்படியே நின்றாள். சத்தமும் இல்லை, அசைவும் இல்லை, போட்டோ மாதிரி. போட்டோவைப் பார்த்து ஒரு மனிசன் எதையும் சொல்லலாம்தானே, யாருக்குக் கேட்கப்போகிறது...

"கனகம்," என்றார். சொந்தக் குரல் இந்த அறைக்குள் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. "பேப்பர் போடச் சொல்லித்தான் பிள்ளையிட்டச் சொல்லப்போறன். அதுதான் சரி. ஆனா எனக்கு விருப்பமில்லை. விளங்குதே உனக்கு? எனக்கு விருப்பமில்லை. நீ வந்திடு எண்டு ஒருக்காலும் நான் கேக்கேல்ல, கேட்டா நீ வந்திடுவாய் எண்ட பயம். வந்து உனக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்ய... இல்லை, அதுவும் பொய், கேட்டு நீ வராட்டி என்ன செய்ய எண்ட பயம்." இனி நிற்பாட்ட ஏலவில்லை. "மத்தியானத்தில நான் சமைக்கிறேல்ல. மீன்குழம்பு எண்டு உனக்குச் சொன்னதெல்லாம் சும்மா. உன்ர சீலையைக் கிழமைக்கொருக்காத் தோச்சுக் கொடியில போடுறன், தனி ஆம்பிளை இருக்கிற வீடெண்டா ரோந்துக்காரர் ரெண்டு தரம் பாப்பாங்கள், பொம்பிளை இருக்கிறா எண்டு நினைக்கட்டும் எண்டு. பக்கத்து வீட்டுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். ஆனா அவங்களுக்காக இல்லை, கனகம். குசினியில இருந்து பாத்தா நீ முத்தத்தில நிக்கிற மாதிரி இருக்கு. அவ்வளவுதான். எனக்கு ஏலாமக் கிடக்கு."

அழுகை வந்தது, அழுதார், வெட்கப்பட இங்கே யார் இருக்கிறார்கள், வேட்டித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது படம் அசைந்திருந்தது. கனகம்மாவின் கண்ணுக்குக் கீழே ஒரு தாள். கொட்டை எழுத்தில், உருண்டையாக, கேக்குது.

எவ்வளவு நேரமாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்? சமைக்கிறதில்லை என்றதற்கு முன்னமா, சீலைக்குப் பிறகா? கேட்கிறதென்றால் ட்ரைவர் சரி, இவருடைய குரல் போயிருக்கிறது, அப்படியென்றால் அவளுடையது ஏன் வரவில்லை... கண் திரையின் மூலைக்குப் போயிற்று, ஸ்பீக்கர் படத்தைக் குறுக்கே வெட்டி ஒரு சிவப்புப் புள்ளடி, அதற்குப் பிறகுதான் ட்ரக்கும் விரலும் ஞாபகத்துக்கு வந்தன. அந்தப் பொத்தானைத் திரும்ப அமத்தினார். முதலில் ஒரு இரைச்சல், அங்கத்தைய ஹீட்டராக இருக்கவேண்டும், பிறகு தூரத்தில் எங்கேயோ கோப்பை கழுவுகிற சத்தம், பிறகு யோகமலர், "அப்பா என்னவாம் அம்மா? பேப்பருக்கு ஓமாமே?"

கனகம்மா தாளை மடியில் குப்புற வைத்தாள். முகத்தைத் திருப்பினாள்.

"ஒண்டும் விளங்கேல்லப் பிள்ளை," என்றாள். "இன்னும் சத்தம் வரேல்ல."

பொய் சொன்னால் உடனே பிடிபட்டுப்போகிறவள் கனகம்மா, பால்காரனுக்குக்கூட ஒழுங்காக ஒரு பொய் சொல்லத் தெரியாது, இதை என்ன சுகமாகச் சொன்னாள். மகளுக்கு முன்னால் புருசனின் மானத்தைக் காப்பாற்றினாளா? அவர் சொன்னதைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாளா? இல்லை, பேப்பர் போகவேண்டும், இந்தக் கிழவன் அழுததை வைத்து யாரும் மனதை மாற்றக்கூடாது என்று மூடிவிட்டாளா? மூன்றுக்கும் அந்தக் குரல் பொருந்துகிறது. இவ்வளவு பாடுபட்டுச் சத்தத்தைக் கொண்டுவந்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் இருந்த காலத்தில் மட்டும் எல்லாம் தெரிந்ததென்று என்ன நிச்சயம், குசினிச் சுவருக்கு அவளுக்கு உண்மையில் என்ன நிறம் விருப்பமாக இருந்தது?

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கண்ணால் கேட்டாள், இப்ப கேக்குதோ?

சோமசேகரம் காதைத் தொட்டு, கையை விரித்து, இல்லை என்று காட்டினார்.

கனகம்மா தலையாட்டிவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பேனையைத் திறந்தாள். எழுதுகிறதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறவள் அவள், கலியாணம் கட்டின நாளிலிருந்து அப்படித்தான். அவர் கதிரையை இழுத்து, ஸ்பீக்கரில் காதை வைத்தார்.