ஆளுக்குப் பாதி

கையெழுத்துப் போடவேண்டிய ஒப்பந்தத்தைக் காரின் பின்னிருக்கையில் எறிந்துவிட்டு யானினா சான் ஹோஸே பக்கம் ஒரு பண்ணைக்குக் கிளம்பினாள். மொண்டெவிடியோவில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் ரமிரோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அவர்கள் கம்பெனி விற்றது கறவைமாடு வைத்திருப்பவர்களுக்கான சாஃப்ட்வேர். எந்த மாடு எப்போது கன்று போடும், எதற்கு ஊசி போட்டிருக்கிறது, எதன் பாலைச் சேர்க்கக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிடும். அவளும் ரமிரோவும் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. முதலில் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு விற்றார்கள். வாங்கியவர்கள் மறுபடி வாங்கவில்லை. ஆனால் தினமும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்கள். மாதச் சந்தாவுக்கு மாற்றியபோது பாதிப்பேர் திட்டிவிட்டுப் போனார்கள், மிச்சப்பேரால் கம்பெனி பிழைத்தது. கல்யாணம்தான் பிழைக்கவில்லை. வீட்டையும் நாயையும் பிரிக்கத் தெரிந்த வக்கீலுக்குக் கம்பெனியைப் பிரிக்கத் தெரியவில்லை. "ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்காதீங்க, யாராவது ஒருத்தருக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று கம்பெனி ஆரம்பித்த அன்றைக்கே ஆடிட்டர் சொன்னார். புது மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்தார்கள்.

இப்போது, அந்த விவசாயிகளிடம் பால் வாங்கும் பெரிய நிறுவனம் கம்பெனியை விலைக்குக் கேட்டது. வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறதாம்.

"இலவசமாக் குடுக்கிறவன்கூட நாம எப்படி யானி மோதறது? நாம விக்கலைன்னா அவனே ஒண்ணு செஞ்சுக்குவான். அப்புறம் நாம ஈ ஓட்டணும்" என்றான் ரமிரோ.

"பாலுக்கு விலை பேசறவன் கையில விவசாயிங்க கணக்கையும் குடுத்துடறதா?" என்றாள் அவள். பல மாதங்களாக இதே பேச்சு. அவன் பாதி சரி என்றது, இவள் பாதி மாட்டேன் என்றது.

அந்தப் பண்ணைக்காரி சுல்மா அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். கறவைக் கொட்டகையில் இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்து, கக்கத்தில் இடுக்கியிருந்த பிளாஸ்கிலிருந்து மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். யானினா விஷயத்தைச் சொன்னாள்.

"இலவசமா? அப்ப இத்தனை வருஷமா எங்கிட்ட எதுக்குக் காசு வாங்கினே?"

"உங்க மாடுகளோட விவரமெல்லாம் அவங்க பார்ப்பாங்க சுல்மா."

"பார்க்கட்டுமே. என் மாடுங்க ஏற்கெனவே அம்மணமாத்தான் நிக்குதுங்க." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. பால் குறையுதுன்னு நான் குறிச்சு வெச்சா, அதைப் பார்த்துட்டு விலையில என்னை அமுக்குவானா?"

"தெரியலை."

"நீ செஞ்ச பொருள், உனக்கே தெரியலையா? அப்ப விக்காதே." குடுவையைத் திரும்ப வாங்கி ஒரு வாய் உறிஞ்சினாள். "ஆனா என் மச்சினன் சந்தா கட்ட முடியாம விட்டுட்டான். இலவசம்னா அவனுக்கும் கிடைக்கும். வித்துடேன்."

"எதைத்தான் செய்யச் சொல்றீங்க?"

"என்னைக் கேட்டா? எனக்கு ஒண்ணை மட்டும் சொல்லிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை அது மக்கர் பண்ணினா உன்னைத்தானே கூப்பிடறேன். இனிமே போனை யாரு எடுப்பா?"

யானினா ஒப்பந்தத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். அதில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், சாஃப்ட்வேர் இருந்தது, போன் எடுப்பவள் எங்கும் இல்லை. நீ போன் எடுப்பதற்கா கம்பெனி நடத்துகிறோம் என்று ரமிரோ கிண்டலடிப்பான். அதற்குத்தான் இவர்கள் காசு கொடுத்தார்களா? அப்படியானால் இத்தனை வருஷமும் அவள் விற்றது என்ன? ஒரு ஆள் போன் எடுத்து ஓடும் கம்பெனி எந்தக் காலத்தில் வளரும்?

திரும்பும் வழியில், குழம்பியபடியே ரமிரோவைக் கூப்பிட்டாள்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சரி. நானும் வேண்டாம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் சாய்ந்து நின்ற கதவை யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டதுபோல இருந்தது. அவன் ஆமாம் என்றதால்தான் தான் இத்தனை நாள் இல்லை என்றோமோ?

"ஏன் மாத்திக்கிட்டே?"

"நீ சொன்னதை யோசிச்சேன்."

"நான் சொன்னது தப்பா இருந்தா?"

"யானி, இப்ப நீ விக்கலாம்ங்கிறியா?"

முன்னால் மாடுகள் சாலையைக் கடக்க ஆரம்பித்திருந்தன. என்ஜினை அணைத்தாள். காரை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு அவை அவசரமில்லாமல் போயின. ஒன்று மட்டும் நின்று, ஈர மூக்கை ஜன்னலில் வைத்து உள்ளே பார்த்தது. அதன் மூச்சில் கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் மாடும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை.