இரண்டு தடவை கூப்பிட்டேன்

"அப்பா, சிக்னல்" என்றேன். பதில் இல்லை. "அப்பா! சிக்னல்!" என்று கத்தினேன். அதற்கும் பதில் இல்லை.

வண்டி வேகமாகப் போகவில்லை. சும்மா உருண்டுகொண்டிருந்தது. ஆனால் நிற்கவும் இல்லை. முன்னால் சிவப்பு விளக்கில் ஒரு சைக்கிள்காரர், கேரியரில் ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார். அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. கண்களும் திறந்துதான் இருந்தன. ஆனால் அந்தக் கண்களுக்குள் ஆள் இல்லை.

ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது "ஐயோ" இல்லை, "அம்மா" இல்லை. "ஐ ஹேவ் கன்ட்ரோல்!"

வண்டி முனகிக் குலுங்கி நின்றது. எங்கள் பம்பருக்கும் சைக்கிள் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். லாண்டிரியிலிருந்து எடுத்து வந்த அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் பின் சீட்டிலிருந்து ஹேங்கரோடு சரிந்து விழுந்தன. அப்பா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. யாரோ தட்டி எழுப்பிய மாதிரி, "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றார்.

அப்பா விமானம் ஓட்டுகிறவர். முப்பத்து நான்கு வருடமாக ஓட்டுகிறார். வயது அறுபத்து மூன்று. அறுபத்தைந்தில் கட்டாயம் இறங்கியாக வேண்டும், அது சட்டம். நாங்கள் வண்டியில் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் அவர் வேலையில் தினமும் சொல்வது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். விமானம் யார் கையில் இருக்கிறது என்பதில் குழப்பம் வரக் கூடாது. அதனால் எடுத்துக்கொள்கிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கொடுக்கிறவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்கூட இப்படித்தான் கை மாறும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் கூப்பிட்டு மற்றவர் பதில் சொல்லவில்லை என்றால் இன்னொரு முறை கூப்பிட வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அனுமதி கேட்காமல் விமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். "அந்த சீட்ல உக்காந்திருக்கிறது மாமனாரா இருந்தாலும் சரி" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

சைக்கிள்காரர் கண்ணாடியைத் தட்டினார். "என்ன சார், நான் என்ன அவ்ளோ சின்னதாவா தெரியறேன்? கூடைய வேணும்னா தலைல வெச்சுக்கட்டுமா?"

"மன்னிச்சுக்கங்க தம்பி" என்றார் அப்பா. அப்பா யாரிடமும் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சைக்கிள்காரர் என்னைப் பார்த்தார். என் கை இன்னும் பிரேக்கை விடவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி சரி, பாப்பா பயந்து போயிருக்கு. எறங்குங்க சார், ஓரமா தள்ளிடலாம்."

அவரும் அப்பாவும் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி ஓரமாக நின்றதும் சாவியை உருவி என் கைக்குள் மூடிக்கொண்டேன். அப்பா அதைப் பார்த்தார். சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு இருபது நிமிஷம்.

"தூக்கம் பத்தல. வேற ஒண்ணுமில்ல" என்றார் பாதி வழியில்.

"ம்."

"போன மாசம்தான் மெடிக்கல் பாஸ் பண்ணேன். கண்ணு, காது, நெஞ்சு, எல்லாம் பாத்தாங்க."

"ம்."

"அம்மாகிட்ட சொல்லாத."

அதற்கு நான் "ம்" சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். இது முதல் தடவை இல்லை. லீவில் ஒரு நாள் அவர் கெட்டிலிலிருந்து கோப்பைக்கு வெந்நீர் ஊற்றினார். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேசையிலிருந்து வழிந்து அவர் காலில் சொட்டியபோதுதான் துள்ளினார். "ஏதோ யோசனைல" என்றார். நானும் சிரித்துவிட்டேன். இன்னொரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. விடியற்காலையில் ட்யூட்டிக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு பாதியில் இருக்க, கை அப்படியே நின்றுவிட்டது. நான் கதவோரம் நின்று எண்ணினேன். ஏழு வரை எண்ணினேன். பிறகு முடிச்சை இறுக்கிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, "வரேண்டா வாண்டு" என்று போனார். நான் பள்ளிக்கூடத்தில் டெஸ்க்குக்கு அடியில் போனை வைத்து, விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஆப்பில் அவருடைய மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கிய பிறகுதான் நான் ஒன்றுக்குப் போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வேலை இல்லாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அம்மா பல் எக்ஸ்ரே எடுப்பவர். "என்னங்க, வண்டி எங்க?" என்றார்.

"மக்கர் பண்ணுது. ரோட்டோரமா விட்டுட்டு வந்தோம்."

"வண்டிக்கும் வயசாகுதில்ல" என்று அம்மா சிரித்தார். "நீங்களாவது அறுபத்தஞ்சு வரைக்கும் ஓடுங்க. வீட்ல உக்காந்தீங்கன்னா நான் அடுப்பப் பத்த வைக்கக்கூட உங்ககிட்ட க்ளியரன்ஸ் வாங்கணும்."

அப்பாவும் சிரித்தார். பிறகு அறைக்குள் போய், கீழே விழுந்து கசங்கிய சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். நாளைக் காலை ஐந்து நாற்பதுக்கு அவருக்கு விமானம். போகத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அறை வாசலில் போய் நின்றேன். சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் பல் பல்லாகத் தடம் விழுந்திருந்தது.

"அதக் குடு. ஆணில மாட்டறேன்" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"ஏண்டா?"

"நீங்க இன்னும் திருப்பிக் கேக்கல. யூ ஹேவ் கன்ட்ரோல்னு சொன்னீங்க. அப்புறம் ஒண்ணும் சொல்லல. அப்ப இன்னும் என்கிட்டதான் இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். முப்பத்து நான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான முறை சொன்ன வாக்கியம். சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன்; அப்படித்தான் நான் வளர்ந்திருக்கிறேன். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி உஸ் என்று ஆவி விட்டது.

"எத்தன செகண்ட்?" என்று கேட்டார்.

"ஒம்போது." சிக்னலிலும் எண்ணியிருந்தேன்.

"ஒம்போதா" என்றார். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு கூடத்துக்கு வந்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தார். யாருக்கு எந்த நாள் எந்த விமானம் என்று போடும் பெண்ணுக்குத்தான். எல்லாரையும் எழுப்பிவிடுவதால் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"நாளைக்கு எனக்குப் பதிலா வேற ஆளப் போடும்மா. நான் ஃபிட் இல்ல."

"அய்யய்யோ, என்ன சார், காய்ச்சலா? எத்தன நாள் போடட்டும்?"

"தேதி போடாத."

"கம்ப்யூட்டர் விடாது சார். 'முதல்'னு ஒரு கட்டம், 'வரை'னு ஒரு கட்டம். ரெண்டையும் ரொப்பினாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்."

அப்பா சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "வரைல என் பொறந்தநாளப் போடு. வர்றது இல்ல, அதுக்கு அடுத்தது."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. "சார்... அன்னிக்கு உங்களுக்கு அறுபத்தஞ்சு ஆகுது."

"ஆமாம்மா. கட்டம் எடுத்துக்குதா?"

"எடுத்துக்கிச்சு சார்" என்றார் அலாரம். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

"காரணத்த நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு எழுத்துல குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "சிக்னல்ல ஒம்போது செகண்ட் நான் இல்ல. இவதான் வண்டிய நிறுத்தினா."

அம்மா முதலில் திட்டினார். வண்டி மக்கர் என்று சொன்னதற்கு, வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு, சாப்பிடாமல் இருந்ததற்கு, எல்லாவற்றுக்கும். கையிலிருந்த துண்டால் அப்பா தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்போது அம்மாவின் போன் அதிர்ந்தது. எங்கே இறங்கினாலும் அப்பா அம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவார். கல்யாணமான நாளிலிருந்து அதே வார்த்தை. அது வரும்வரை அம்மா தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்க மாட்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, அப்பா அதைத்தான் தட்டியிருந்தார்.

"தரை."

அம்மா அதைப் பார்த்து அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். "அப்பாடா" என்றார். "எத்தன வருஷம்டா சாமி." நான் அந்த நேரத்தில்தான் கையை விரித்துச் சாவியை மேசை மேல் வைத்தேன். எங்கள் வீட்டுக் கூரை ஒரு அடி உயர்ந்த மாதிரி இருந்தது.

சாப்பிட்ட பிறகு அப்பா தட்டு கழுவினார், நான் துடைத்தேன்.

"நாளைக்கு நீயும் வா. எத்தன தடவைன்னு டாக்டர் கேப்பார். நான் இல்லாத நேரத்த நான் எப்படி எண்றது? நீதான் சொல்லணும்."

"நாலு" என்றேன். கெட்டில், போன், டை, எல்லாம் சொன்னேன்.

தட்டைப் பிடித்திருந்த கை நின்றது. மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு கேட்டார், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள: "மூணு தடவ பேசாம இருந்தியே. இன்னிக்கு மட்டும் எப்படிம்மா கை வந்துச்சு?"

"தெரியலப்பா" என்றேன்.

இப்போது மணி மூன்றேகால். ட்யூட்டி நாளாக இருந்தால் இந்நேரம் அப்பாவின் அலாரம் அடித்திருக்கும். அடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறட்டை கேட்கிறது, லாரி மாதிரி. எனக்கு அது இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது.

ஆனால் படுத்தால் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. டை முடிச்சில் ஏழு விநாடி நின்றுவிட்டு அவர் போய் விமானம் ஓட்டியபோது, அவருக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்.

அதனால்தானா?